மொட்டை, கொண்டை, அரண்மனை

8 மார்ச், சனி

இன்றும் முடிவாகவில்லை. கோப்பி ஆறிப்போகும்வரை கணினி முன்னால் உட்கார்ந்து, தரையைத் தானாகவே பெருக்கும் வட்ட இயந்திரங்கள் மூன்றை அலசிக்கொண்டிருந்தேன். அவற்றின் நிஜப் பெயர்களெல்லாம் எழுத்தும் எண்ணும் கலந்து கார் நம்பர் மாதிரி இருப்பதால் நானே பெயர் வைத்துவிட்டேன். மேலே ஒன்றுமில்லாமல் வழவழவென்று இருப்பது மொட்டை. உச்சியில் ஒரு குமிழ் வைத்து அதற்குள் லேசர் சுற்றுவது கொண்டை. மூன்றாவதற்கு, வேலை முடிந்து போய் நிற்பதற்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டி இருக்கிறது. குப்பையை அந்தப் பெட்டியே உறிஞ்சிக்கொள்ளுமாம், ஈரத்துணியையும் அலசி உலர்த்துமாம். அது அரண்மனை.

என் மனைவி சரசுவுக்கு இதய வால்வில் கோளாறு. நெஞ்செலும்பைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று மருத்துவர் போன வருஷமே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எலும்பு கூடும்வரை தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது, குனியக் கூடாது. இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் என் பக்கம் திரும்பி, "அப்ப வீட்ட யாரு பெருக்குறதுன்னு கேளுங்க" என்றாள். நானும் நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் தொழில் பழக்கத்தில் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். மருத்துவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

அவளுக்கு அது நகைச்சுவை இல்லை. நான் பெருக்குகிறேனே என்றால், "நீங்க பெருக்குனா குப்பை எடம் மாறும், வெளியே போகாது" என்கிறாள். பணிப்பெண் வேண்டாமாம். முப்பது வருஷம் பாலர் பள்ளியில் ஊரார் பிள்ளைகளை மேய்த்தது போதுமாம், வீட்டுக்குள்ளும் ஒருத்தியை மேய்க்க முடியாதாம். கடைசியில் மகள் நிரஞ்சனாதான் இந்த ரோபோ யோசனையைச் சொன்னாள். சரசு ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு.

"அது வந்து, ஒழுங்கா பெருக்குறத நான் கண்ணால பாக்கணும். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு டேட் கேப்பேன்."

ஏற்கெனவே இரண்டு தேதிகளைத் தட்டிக்கழித்தவள். ஒன்று தைப்பூசத்தைச் சொல்லி, இன்னொன்று அஷ்டமியைச் சொல்லி. இனி மூன்றாவது தேதி கிடைப்பது என் கையில்தான் இருக்கிறது. நான் மொட்டையா கொண்டையா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சாயங்காலம் சமையலறையிலிருந்து ஹாலுக்கு ஏறும் அந்த ஒற்றைப் படியில் நின்று, குளிர்பதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "என்ன, பால் இருக்கான்னு பாத்தேன்" என்றாள்.

9 மார்ச், ஞாயிறு

ஒரு காணொளியில் மொட்டையைப் புகழ்கிறார்கள், அடுத்ததில் அதையே குப்பை என்கிறார்கள். இந்தச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய ஆளில்லை.

13 மார்ச், வியாழன்

நீதிமன்றத்தில் இன்று நாள் முழுக்க ஒரு வழக்கு. இரண்டு சகோதரர்கள், ஒரு கைகலப்பு. ஒருவன் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன், வழக்கறிஞர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் கேட்டேன். இதுதான் என் வேலை. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. யார் பக்கம் நியாயம் என்று என்னை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு பக்கத்தையும் சமமாகச் சொல்லிச் சொல்லி, எனக்கென்று ஒரு பக்கம் எடுக்கும் வழக்கமே போய்விட்டதோ?

சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன்: மொட்டைக்குக் கேமரா, கொண்டைக்கு லேசர். கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும், லேசருக்கு வேண்டாம். ஆனால் மொட்டை சோபாவுக்கு அடியில் போகும், கொண்டை அந்தக் குமிழால் இடித்துக்கொள்ளும். இதற்கு அது, அதற்கு இது. சரசுவிடம் சொன்னேன். "நேர்ல பாக்காம என்ன பேச்சு? சனிக்கிழமை தேக்கா கடைத்தெருவுக்குப் போவோம்" என்று முடித்துவிட்டாள்.

15 மார்ச், சனி

தேக்காவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு மின்சாதனக் கடை. சனிக்கிழமைக் கூட்டம். நடைபாதையிலேயே சரசு இரண்டு தடவை நின்றாள். ஒரு தடவை மல்லிகைப் பூ வாங்குகிற சாக்கில், ஒரு தடவை சாக்கே இல்லாமல்.

கடையில் அர்ஃபான் என்று ஓர் இளைஞர். நல்ல பேச்சு. ஒரு பிடி பொரியைத் தரையில் தூவி மொட்டையை ஓட விட்டார். அது பொரியை அழகாக விழுங்கியது. "பாத்தீங்களா அங்கிள், பவர் பாருங்க" என்றார். நானும் தலையாட்டினேன்.

சரசு கைப்பையைத் திறந்தாள். அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். பைக்குள் எங்கள் வீட்டுக் குப்பை. சீப்பிலிருந்து எடுத்துச் சுருட்டிய தலைமுடி, சாமி படத்திலிருந்து உதிர்ந்து காய்ந்த பூ, கொஞ்சம் கடுகு, ஊதுவத்திச் சாம்பல். இதையெல்லாம் எப்போது சேர்த்து வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

"ஆன்ட்டி, இது டெமோ செட்டு லா" என்றார் அர்ஃபான், பாவம்.

"எங்க வீட்டுல பொரி கொட்டாது தம்பி. இதுதான் கொட்டும்."

கொட்டினாள். சுற்றி இருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மொட்டை முதல் முடிச்சுருளிலேயே திணறி, உருளையில் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. அதோடு, அதற்குக் கேமரா இருக்கிறது என்று தெரிந்ததும் சரசு, "நான் நைட்டியோட நிப்பேன், இது பாத்துக்கிட்டே போவுமா?" என்று கேட்டாள். மொட்டையின் வழக்கு அங்கேயே தள்ளுபடி.

கொண்டை முடியை எடுத்துக்கொண்டது. உருளைக்குள் சீப்புப் பல் மாதிரி ஏதோ இருக்கிறதாம், முடியை வெட்டிவிடுமாம். ஆனால் ஓரத்துத் துடைப்பான் சுற்றுகிற வேகத்தில் கடுகு நாலா பக்கமும் பறந்தது. ஒரு கடுகு பக்கத்து வாடிக்கையாளரின் செருப்பில் போய் விழுந்தது. அரண்மனை எல்லாவற்றையும் எடுத்தது, சாம்பலைக் கூட. சரசு அதன் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இவன் குடியிருக்கத் தனியா ஒரு ரூம் வேணும் போலருக்கு."

வாங்காமல் வந்துவிட்டோம். வாங்காமல் வரலாம் என்று சொன்னது நான்தான். கொண்டையா அரண்மனையா, இன்னும் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்றேன். சரசு பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பகலில் தூங்குகிறவள் இல்லை அவள்.

16 மார்ச், ஞாயிறு

எதிர்வீட்டு ஹம்னா வீட்டில் இருப்பது கொண்டைதான். "நல்லா பெருக்கும் அங்கிள். ஆனா சாக்ஸ் கிடந்தா தின்னுடும். அப்புறம் சோபா கிட்ட மாட்டிக்கிட்டு, ஹெல்ப் ஹெல்ப்னு கத்தும்" என்றார். உதவி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிற ஒன்று வீட்டில் இருப்பது நல்லதுதான். நாங்கள் இருவரும் கேட்பதில்லை.

22 மார்ச், சனி

நிரஞ்சனா குவீன்ஸ்டவுனிலிருந்து வந்திருந்தாள். நான் கொண்டைக்கும் அரண்மனைக்கும் சத்தம் எவ்வளவு என்று ஒப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு கணினியை மூடிவிட்டாள்.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ வேக்கம் லா. எது வாங்கினாலும் ஓகேதான்."

"தப்பா வாங்கிட்டா உங்கம்மா..."

"அம்மா ஒண்ணும் சொல்லல. நீங்கதான் இழுக்குறீங்க. நீங்க வேக்கம் தேடுறீங்களா, இல்ல டேட்ட தள்ளுறீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. நீ என்ன வக்கீலா என்று கேட்டேன். அவள் அம்மாவுக்குக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

இப்போது யோசித்தால் — ஆமாம். அதுதான். நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது வீட்டுக்கு வரும். அது வந்து பெருக்கினால் இவள் போன் போடுவாள். போன் போட்டால் ஒரு நாள் குறிப்பார்கள், அன்றைக்கு இவள் நெஞ்சைத் திறப்பார்கள். நான் எதையும் தேர்ந்தெடுக்காதவரை இதில் ஒன்றும் நடக்காது. ஆனால் அந்தப் படியில் அவள் நிற்கிற நேரம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை, எந்த மொழியிலும்.

23 மார்ச், ஞாயிறு

கொண்டை. தனியாகப் போய் வாங்கி வந்துவிட்டேன். அரண்மனையை வைக்க வேண்டுமென்றால் சாமி அலமாரியை நகர்த்த வேண்டும், அது நடக்கிற காரியமில்லை. அர்ஃபான் என்னைப் பார்த்ததும், "ஆன்ட்டி வரலையா?" என்று கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

29 மார்ச், சனி

கொண்டை முதல் நாள் வீடு முழுக்கச் சுற்றி ஒரு வரைபடம் போட்டது. கைப்பேசியில் எங்கள் வீடு கோடுகளாகத் தெரிந்தது. இருவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தோம். சாமி அலமாரிக்கு முன்னால் சிவப்புக் கட்டம் போட்டு, அங்கே போகக் கூடாது என்று சொல்லிவைத்தேன். விளக்கு வைத்த பிறகு ஓடக் கூடாது என்றாள் சரசு, அதற்கும் ஏற்பாடு செய்தாயிற்று. சமையலறைப் படி மட்டும் அதற்கு இறங்க வராது. "அது உங்க பொறுப்பு. இதப் பாத்துக் கத்துக்குங்க" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து அது பெருக்குவதைக் கடைசிவரை பார்த்தாள். பாலர் பள்ளியில் பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதைப் பார்க்கிற அதே பார்வை. அது போய் நின்றதும் எழுந்து, சுவர் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பரவால்ல."

இந்த ஒரு வார்த்தையை அவளை என்னிடம் சொல்ல வைக்க நான் எத்தனை காலம் பாடுபட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை போன் போடுகிறேன் என்றாள்.

4 ஏப்ரல், வெள்ளி

தேதி வந்துவிட்டது. 15ஆம் தேதி போய்ச் சேர வேண்டும், மறுநாள் அறுவை. போய்ச் சேர்வது சித்திரை ஒன்று கழிந்த மறுநாள். "நல்லதாப் போச்சு, மாங்காப் பச்சடி சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றாள்.

13 ஏப்ரல், ஞாயிறு

கொண்டையின் செயலியில் இன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். எங்கள் கைப்பேசிகள் இரண்டும் வீட்டைவிட்டு வெளியே போனதும் அது தானாகவே தெரிந்துகொண்டு பெருக்கத் தொடங்குமாம். ஆள் இல்லாத வீட்டில் காலில் தட்டுப்படாமல் வேலை பார்க்கும். செவ்வாய்க்கிழமை முதல் நான் முக்கால்வாசி நேரம் மருத்துவமனையில்தான் இருப்பேன். நான் இல்லாத ஒவ்வொரு நாளும் அது பெருக்கிவைத்துவிடும். திரும்பி வரும்போது சரசு விரலால் தடவிப் பார்க்கட்டும், ஒரு தூசி இருக்காது. அவளிடம் சொல்லவில்லை, வந்து தெரிந்துகொள்ளட்டும். முடுக்கிவைத்துவிட்டேன்.

15 ஏப்ரல், செவ்வாய்

என்ன காரியம் செய்தேன்.

முறைப்படி எல்லாம் நடந்தது. சாமி கும்பிட்டாள், திருநீறு வைத்துக்கொண்டாள், எனக்கும் வைத்துவிட்டாள். ஹம்னா காரிடார் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மின்தூக்கியில் கீழே இறங்கினோம். டாக்சி வந்து நின்றது. நான் பெட்டியைப் பின்னால் வைத்தேன். சரசு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். அப்போது என் சட்டைப் பையிலிருந்து கைப்பேசி பேசியது. ஸ்டார்ட்டிங் கிளீனிங் என்று, நல்ல தெளிவான பெண் குரலில்.

"என்னது அது?" என்றாள்.

நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நிரஞ்சனா அனுப்பின ஏதோ காணொளி என்றிருக்கலாம். வாயில் வரவில்லை. காதில் விழுந்ததை அப்படியே சொல்லி எனக்குப் பழக்கம். "கொண்டை. நாம வெளிய வந்ததும் பெருக்க ஆரம்பிக்குது" என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"நான் வாசல் தாண்டுனதும் வீட்டப் பெருக்குதா?"

எனக்குத் தெரியாததா இது? வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பினால், போய்ச் சேரும்வரை துடைப்பத்தை யாரும் தொடுவதில்லை. ஆள் வெளியே போன கையோடு பெருக்குவது ஒரே ஒரு வீட்டில்தான். பிணத்தை எடுத்த வீட்டில். என் அப்பாவை எடுத்த அன்று, பின்னாலேயே துடைப்பத்தை எடுத்தவள் இதே சரசுதான். அவள் கை அதைச் செய்திருக்கிறது. நான் எப்படி மறந்தேன்? இயந்திரம் பெருக்குவது எனக்குப் பெருக்குவதாகவே படவில்லை, அதனால்தான். வேலை நடக்குது, வசதியா இருக்குன்னு மட்டும்தான் தோணுச்சு. மடையன். மடையன்.

நிறுத்து என்று அழுத்தினேன், இணைப்பு இல்லை என்று வந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினேன். அதற்குள் அவள் காலை வெளியே எடுத்துவிட்டாள். டாக்சிக்காரரிடம் சாரி சொல்லிவிட்டு மின்தூக்கியை நோக்கி நடந்தாள். நான் பெட்டியோடு பின்னால் போனேன்.

கதவைத் திறந்தால், வாசலில் அவள் செருப்பு கிடந்த இடத்தைக் கொண்டை பெருக்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு வேணாங்க" என்றாள். அழவில்லை. சோபாவில் உட்கார்ந்து மடியில் கைகளை வைத்துக்கொண்டாள். நான் மருத்துவமனைக்குப் போன் போட்டேன். தாதி கோபப்படவில்லை. அந்த இடத்தை வேறு ஒருவருக்குத் தந்துவிடுவோம், அடுத்தது எப்போது என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

16 ஏப்ரல், புதன்

இந்நேரம் முடிந்திருக்கும்.

கொண்டையின் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடிவைத்திருக்கிறாள். துடைப்பத்தை எடுத்து அவளே பெருக்குகிறாள். பாதி ஹாலில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். கொடு என்று கை நீட்டினால் தருவதில்லை.

19 ஏப்ரல், சனி

நிரஞ்சனா சத்தம் போட்டாள். அவள் அம்மாவிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"ஒரு மெஷினுக்காக ஹார்ட் ஆபரேஷன கேன்சல் பண்ணுவீங்களாம்மா? யூ குட் டை, தெரியுமா?"

"தெரியும்டி."

"தென் ஒய்? இதெல்லாம் நெஜமாவே நம்புறீங்களா?"

சரசு துண்டு போட்டு மூடிய கொண்டையைப் பார்த்தாள். "பாதி நம்பிக்கை, பாதி பயம். எது எவ்வளவுன்னு எனக்கே தெரியல. ஏற்கெனவே பயந்துகிட்டுதான் கால உள்ள வச்சேன். அந்த நேரம் பாத்து அது பேசுது."

நிரஞ்சனா அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். இவள் சொல்வதை அவளுக்கும், அவள் சொல்வதை இவளுக்கும் புரிய வைப்பதுதானே என் வேலை. அங்கே என் வேலைக்கு அவசியமே இல்லை. இருவருக்கும் நன்றாகவே புரிந்திருந்தது. எனக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். குற்றவாளிக்கு என்ன பக்கம் என்று விட்டுவிட்டேன்.

27 ஏப்ரல், ஞாயிறு

அடுத்த தேதியைப் பற்றி அவள் கேட்காததால் நானும் கேட்கவில்லை. மருத்துவமனையிலிருந்து போன் வரவில்லை. இரவில் அவள் இப்போது மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் படுக்கிறாள்.

6 மே, செவ்வாய்

வேலை முடிந்து வந்தபோது கதவு திறந்திருந்தது. சரசு ஹாலின் நடுவில், தரையில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் துடைப்பம். முன்னால் கொஞ்சம் குப்பை. விழவில்லையாம். மூச்சு வரவில்லை, உட்கார்ந்தேன், எழுந்திருக்க வரவில்லை, அவ்வளவுதான் என்றாள். கால் வீங்கியிருந்தது. உதடு நிறம் சரியில்லை.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றாள். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் சொன்னேன். மூன்று வாரம் நெஞ்சில் கிடந்ததெல்லாம் வந்துவிட்டது.

"சரசு, எனக்கு நீ வேணும். நான் செஞ்சது தப்புதான். அதுக்கு என்னை என்ன வேணும்னாலும் சொல்லு. ஆனா இத சாக்கா வச்சு நீ என்னை விட்டுட்டுப் போயிடாத. மொட்டை, கொண்டைன்னு நான் இழுத்ததே பயத்துலதான். இனிமே இழுக்க மாட்டேன். நீ ஆபரேஷனுக்குப் போவணும். இதுதான் என் பக்கம்."

அவள் என்னைப் பார்த்தாள். என் வாயிலிருந்து முதல்முறையாக ஒரு தீர்ப்பைக் கேட்கிறவள் மாதிரி பார்த்தாள்.

"சரி, போறேன்" என்றாள். "ஆனா நீங்க என்கூட வரக் கூடாது."

எனக்கு விளங்கவில்லை.

"நிரஞ்சனா கூட்டிட்டுப் போகட்டும். நீங்க வீட்டுல இருங்க. ஆள் இருக்குற வீட்டுலேருந்து நான் கெளம்பணும். திரும்பி வர்ற வீடுன்னு எனக்குத் தெரியணும். போய்ச் சேந்துட்டேன்னு போன் வந்தப்புறம் நீங்க கெளம்பி வாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவளை மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போயிருக்கிறேன். பிரசவத்துக்கும் சரி, பல் பிடுங்கவும் சரி. இதற்கு மட்டும் டாக்சியில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள முடியாதா? வாதாட எனக்கு ஆயிரம் இருந்தது.

"சரி" என்றேன்.

பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அதையும் நானே முடிவு செய்தேன். அவள் என்னை முறைத்தாள், ஆனால் தடுக்கவில்லை.

11 மே, ஞாயிறு

நீர் இறங்க மருந்து கொடுத்து, கால் வீக்கம் வடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனித் தள்ளிப்போட முடியாது என்று மருத்துவர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சரசுவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். 27ஆம் தேதி போய்ச் சேர வேண்டும்.

27 மே, செவ்வாய்

நிரஞ்சனா வந்து அழைத்துப் போனாள். நான் காரிடார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே டாக்சியில் ஏறுவதற்கு முன் சரசு நிமிர்ந்து, எங்கள் வீடு இருக்கும் மாடியைத் தேடினாள். கையை ஆட்டினேன். கண்டுகொண்டாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு முன்னால் அவள் தலைமுடி ஒன்று கிடந்தது. சாமி அலமாரிக்குக் கீழே இரண்டு பூவிதழ். அவள் குடித்துவிட்டு வைத்த டம்ளர். எதையும் தொடவில்லை. தொலைக்காட்சியைக் கூடப் போடவில்லை. இந்த வீட்டை வீடாக வைத்திருப்பதுதான் எனக்குத் தந்திருக்கும் வேலை என்று உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நான் இதை நம்புகிறேனா? தெரியவில்லை. அவள் நம்புகிறாள், இன்றைக்கு எனக்கு அது போதும்.

வந்துட்டோம் பா என்று நிரஞ்சனாவிடமிருந்து செய்தி வந்தது. செருப்பைக் கூட ஒழுங்காக மாட்டாமல் கிளம்பினேன்.

28 மே, புதன்

முடிந்தது. வால்வை மாற்றிவிட்டார்கள். இன்னும் கண் விழிக்கவில்லை.

29 மே, வியாழன்

கண் விழித்தாள். என் விரலை அழுத்தினாள். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. நான் பேசினேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை.

1 ஜூன், ஞாயிறு

பொது வார்டுக்கு மாற்றியாயிற்று. நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை கொடுத்திருக்கிறார்கள். இருமினாலோ சிரித்தாலோ அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"வீட்டப் பெருக்குனீங்களா?" இதுதான் ஒழுங்காகப் பேச வந்ததும் கேட்டது.

"இல்ல."

"அன்னைலேருந்தா?"

"கை வரல."

"நான்தான் போய்ச் சேந்தாச்சே. சேந்தப்புறம் பெருக்கலாம்ங்க. வீட்ட நாற விடவா சொன்னேன்?" என்று சிரிக்க ஆரம்பித்து, வலி தாங்காமல் தலையணையை இறுக்கிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. தாதி ஓடி வந்து, சிரிக்க வைக்காதீர்கள் என்று என்னைக் கண்டித்தார்.

வீட்டுக்கு வந்து துண்டை எடுத்துவிட்டுக் கொண்டையை ஓட விட்டேன். சமையலறையை நானே பெருக்கினேன், குப்பை வெளியே போயிற்று. கொண்டையின் குப்பைப் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் அவள் முடிதான். கொட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

5 ஜூன், வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். சுவர் ஓரத்தைத் தடவிப் பார்க்கக் குனிய முடியாததால், என்னைக் குனிந்து தடவச் சொல்லி என் விரலைப் பார்த்தாள்.

28 ஜூன், சனி

காரிடாரின் கடைசி வரை நடந்து திரும்பினாள். எங்கும் பிடித்துக்கொள்ளவில்லை. கொண்டையை இயக்குவதை அவள் கைப்பேசிக்கே மாற்றிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தானாகத் தொடங்கும் ஏற்பாட்டைத் தூக்கிவிட்டேன். அவள் பொத்தானை அழுத்தினால்தான் அது அசையும், அறிவிப்பு மட்டும் என் கைப்பேசியிலும் வரும். ஓடும்போது பின்னாலேயே மெதுவாக நடந்துபோய், "அங்க விட்டுட்ட பாரு, அங்க" என்று அதனிடம் குறை சொல்கிறாள்.

21 ஜூலை, திங்கள்

விடுப்பு முடிந்து இன்று வேலைக்குத் திரும்பினேன். சரசு வாசல்வரை வந்தாள், போனதும் சொல்லுங்க என்றாள். எப்போதும் சொல்கிறதுதானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ரயிலில் நல்ல கூட்டம். போனதும் கோப்பு கொடுத்தார்கள், நேராக விசாரணை. செய்தி அனுப்ப மறந்தேபோனேன்.

இடைவேளையில் வெளியே வந்தால் அவளே கூப்பிடுகிறாள்.

"போய்ச் சேந்தீங்களா, இல்லையா?"

"அப்பவே வந்துட்டேனே. ஏன், என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. காலைலேருந்து போன கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். தரையெல்லாம் அப்படியே கெடக்கு. நீங்க சேந்துட்டேன்னு சொல்லாம எப்படி அமுக்குறது?"

வைத்துவிட்டாள். நான் நீதிமன்றச் சுவரோரமாக அப்படியே நின்றேன். சில விநாடிகளில் என் கையிலிருந்த கைப்பேசி, நல்ல தெளிவான பெண் குரலில், ஸ்டார்ட்டிங் கிளீனிங் என்றது. பக்கத்தில் கோப்போடு நின்ற வழக்கறிஞர் திரும்பிப் பார்த்தார்.

"என் மனைவி, வீடு பெருக்குகிறாள்" என்றேன்.